லிங்க் ட்ரெய்னர் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாமல், கருவி முள்ளை மட்டும் நம்பிப் பறக்க இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் பழகியது தரையில் நின்ற ஒரு நீலப் பெட்டியில். லிங்க் ட்ரெய்னர் என்ற அந்தப் பெட்டியைச் செய்தவர் எட்வின் லிங்க். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் அப்பாவின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் கைவேலை பழகியவர். தானாக வாசிக்கும் பியானோவின் துருத்தி, வால்வு, ரப்பர் குழாய் ஆகியவற்றையே வைத்து 1929-இல் முதல் பெட்டியை உருவாக்கினார். 1934 தொடக்கத்தில் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகளை ஒன்று 3,500 டாலர் வீதம் வாங்கியது. போர் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேல் ஓடின.

பெட்டி பியானோ வீட்டில் பிறந்தது என்பதை மறந்தவர்கள்தான் பழுது பார்க்க மல்டிமீட்டரை முதலில் எடுக்கிறார்கள். இந்தப் பெட்டியின் ஏஎன்டி-18 மாடலில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை காற்றுக் கோளாறு. மின் கோளாறு அடுத்துத்தான். முதலில் உறிஞ்சல், பிறகு வால்வு, பிறகு இணைப்புக் கம்பிகள், கடைசியாக ஒயர் என்ற வரிசையில் போனால் பாதி நேரம் மிச்சம்.

சுவிட்ச் போடுவதற்கு முன்

பெட்டியின் கீழே நான்கு துருத்திகள்: முன், பின், இடம், வலம். டர்பைன் (மோட்டார் சுழற்றும் உறிஞ்சு விசிறி) காற்றை உறிஞ்சும்போது எந்தத் துருத்தி சுருங்குகிறதோ அந்தப் பக்கம் பெட்டி கீழே இறங்கும். விமானி பிடிக்கும் கோலை இடப்பக்கம் தள்ளினால் இடத் துருத்திக்கு உறிஞ்சல் கூடும், வலத் துருத்திக்குள் வெளிக்காற்று நுழையும். நடுவில் வைத்தால் இரண்டுக்கும் சமம். கீழே வரும் சோதனைகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

டர்பைன் ஓடாதபோது பெட்டியைத் தாங்க எதுவும் இல்லை. நிறுத்து பட்டைகள் மாட்டியிருக்கும்போதுதான் ஆள் ஏற வேண்டும், இறங்க வேண்டும். உறிஞ்சல் நிலைத்த பிறகே பட்டையைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் பெட்டி ஒரு பக்கமாகச் சட்டென்று விழும், பழைய துருத்தித் துணி மடிப்பிலேயே கிழியும்.

இன்னொன்று. கருவி முகப்பில் இருட்டில் ஒளிரும் பழைய பெயின்ட் இருந்தால் அது ரேடியம் கலந்ததாக இருக்கலாம். கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள்.

அறிகுறி: டர்பைன் ஓடுகிறது, பெட்டி சோம்பலாக அசைகிறது

ஒரு மீட்டர் நீளமுள்ள மரப்பலகையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் கட்டி, பாதி வரை வண்ணத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையைச் சோதிக்க வேண்டிய குழாயில் செருகி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். இரு பக்க நீர்மட்டங்களின் வித்தியாசம்தான் உறிஞ்சல். கையேடுகள் பாதரச அங்குலத்தில் சொல்லும். 1 அங்குலப் பாதரசம் என்பது 34.5 சென்டிமீட்டர் தண்ணீர். பலகையை நீளமாக வெட்டுவது அதனால்தான்.

முதலில் டர்பைன் வாயிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு துருத்தி முனையில் அளந்து பாருங்கள். டர்பைனில் சரியாக இருந்து துருத்தியில் குறைந்தால் நடுவில் கசிவு. இரண்டிலும் குறைந்தால், டர்பைனிலிருந்து கிளம்பும் குழாய்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடியுங்கள். எதை மடக்கும்போது நீர்மட்டம் குபீரென்று ஏறுகிறதோ அந்தக் கிளையில்தான் ஓட்டை. எதை மடக்கினாலும் ஏறவில்லை என்றால் டர்பைனையே பாருங்கள்.

கசிவு தேட சோப்புத் தண்ணீர் எடுக்காதீர்கள். பங்க்சர் கடையில் காற்று வெளியே வருகிறது, அதனால் குமிழ் விடும். இங்கே காற்று உள்ளே போகிறது. குமிழ் வராது, சோப்புத் தண்ணீர் துணிக்குள்ளும் வால்வுக்குள்ளும் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மூட்டு மூட்டாக நகர்த்துங்கள், ‘உஸ்’ சத்தம் தெளிவாகக் கேட்கும். இல்லாவிட்டால் குச்சி நுனியில் ஒற்றைப் பஞ்சு இழையைக் கட்டிக் கொண்டுபோங்கள், ஓட்டை இழுத்துக்கொள்ளும். ஊதுபத்திப் புகையும் வேலை செய்யும்தான். ஆனால் எண்பது வருடம் காய்ந்த மரத்துக்கும் ரப்பர் துணிக்கும் பக்கத்தில் தீப்பொறி வேண்டாம்.

டர்பைன் வாயிலேயே உறிஞ்சல் குறைவு, கசிவு எங்கும் இல்லை என்றால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, மோட்டார் தலைகீழாகச் சுற்றுவது. மையவிலக்கு விசிறி எதிர்த்திசையில் சுற்றினாலும் அதே வாயில்தான் உறிஞ்சும், பலவீனமாக. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. மோட்டாருக்குச் சுருள் மாற்றியிருந்தால் முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள்.

இரண்டாவது, மின்சாரத்தின் சுழற்சி எண், அதாவது ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் செய்த பெட்டி 60 சுழற்சிக்கானது. 50 சுழற்சி மின்சாரம் உள்ள நாட்டில் மின்மாற்றி வைத்து 110 வோல்ட் கொடுத்தால் வோல்ட் சரியாகிவிடும், சுழற்சி மாறாது. இண்டக்‌ஷன் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். விசிறியின் உறிஞ்சலோ வேகத்தின் இருமடிப்படி குறையும்: 25/36, அதாவது சுமார் 30 சதவீதம் போய்விடுகிறது. மோட்டார் சூடாவதும் இதனால்தான். 60-க்குச் சுற்றிய சுருளை 50-இல் பாதுகாப்பாக ஓட்ட வோல்ட்டையும் அதே விகிதத்தில் 92-க்குப் பக்கமாகக் குறைக்க வேண்டும், அப்போது திறனும் குறையும். நல்ல வழி, 60 சுழற்சி தரும் இன்வெர்ட்டர் வைப்பது. இந்த ஆறில் ஐந்து கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நண்டு என்ற கோடு போடும் வண்டியிடம் போகும்போது மறுபடியும் வரும்.

அறிகுறி: கோல் நடுவில் இருக்கிறது, பெட்டி ஒரு பக்கம் சாய்கிறது

சாய்ந்த பக்கத்துத் துருத்தியைக் கழற்றத் தோன்றும். பெரும்பாலும் அது நல்ல துருத்தியாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வேண்டிய இடத்தில் வலத் துருத்தி கசிந்தால் வலப்பக்க இழுப்பு குறைகிறது, பெட்டி இடப்பக்கம் சாய்கிறது. எனவே சாய்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். மூக்கு கீழே தொங்கினால் பின் துருத்தி.

வால்வா, துருத்தியா என்று பிரிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. உள்ளே ஆள் இல்லாமல், பட்டை மாட்டிய நிலையில், வால்வில் இடக் குழாயையும் வலக் குழாயையும் இடம் மாற்றிச் செருகுங்கள். பிறகு உறிஞ்சல் கொடுத்து, இருவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பட்டையைக் கழற்றுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குற்றம் வால்வில். சாய்வு அப்படியே இருந்தால் துருத்தியில் அல்லது அதற்குப் போகும் குழாயில். முடிந்ததும் குழாய்களைப் பழைய இடத்தில் மாட்ட மறக்கக் கூடாது. மறந்தால் அடுத்து ஏறுபவர் இடப்பக்கம் தள்ளும்போது பெட்டி வலப்பக்கம் சாயும்.

பழைய குழாய்கள் வெளியே நன்றாக இருந்து உள்ளே இற்றுப்போயிருக்கும். உள் ரப்பர் பிரிந்து உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும், நிறுத்தியதும் விலகிவிடும். குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். சந்தேகமுள்ள குழாயை மாற்றிவிடுவது மலிவு. சுவர் மெல்லியதாக உள்ள குழாய் வேண்டாம், உறிஞ்சலில் சப்பையாகிவிடும்.

அறிகுறி: பெட்டி நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது

வால்வு ஒட்டுகிறது, அல்லது கோலுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள கம்பி மூட்டு தேய்ந்து தளர்ந்திருக்கிறது. கோலை இரண்டு விரலால் மெல்ல அசைத்துக்கொண்டு வால்வைப் பாருங்கள். கோல் அசைந்த பிறகு வால்வு தாமதமாக அசைந்தால் மூட்டுத் தளர்ச்சி. வால்வு அசையாமல் நின்று பிறகு குதித்தால் ஒட்டல்.

ஒட்டலுக்கு எண்ணெய் விடுவதுதான் இந்தப் பெட்டிக்குச் செய்யும் பெரிய துரோகம். முதல் வாரம் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு உறிஞ்சலோடு வரும் தூசு எண்ணெயில் ஒட்டிக் களிம்பாகும். அடுத்து அந்தக் களிம்பு துருத்தித் துணியின் ரப்பரைத் தின்னும். வால்வு முகத்துக்குக் காய்ந்த கிராஃபைட் தூள் மட்டும்தான். பஞ்சுத் துணியில் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். ஏற்கெனவே எண்ணெய் பட்டிருந்தால் உலோகப் பகுதியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கலாம். மரப்பகுதியில் ஸ்பிரிட் படக் கூடாது: காற்றுப் புகாமல் காப்பது அந்த அரக்குப் பூச்சுதான், அது ஸ்பிரிட்டில் கரையும்.

அறிகுறி: திரும்பும்போது விக்கி விக்கித் திரும்புகிறது

பெட்டியை முழு வட்டமாகச் சுற்றுவது முன்பக்கத்துத் திருப்பு மோட்டார். பேர்தான் மோட்டார், உள்ளே மின்சாரம் கிடையாது: பத்துச் சிறு துருத்திகள், இரண்டு கிராங்க், கப்பிகள். பியானோவில் தாள் சுருளை உருட்டிய அதே ஏற்பாடு.

சாக்பீஸ் எடுத்து கிராங்க்கில் ஒரு கோடு, அசையாத அடித்தளத்தில் ஒரு கோடு போடுங்கள். மெதுவாகச் சுற்றவிட்டு விக்கல் எப்போது வருகிறது என்று பாருங்கள்.

கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் விக்கினால் பத்தில் ஒரு துருத்தி செத்திருக்கிறது, அல்லது அதன் வழுக்கு வால்வு நேரம் தப்பியிருக்கிறது. விக்கும் நொடியில் எந்தத் துருத்தி இழுக்க வேண்டிய முறையோ, அதைத்தான் பிடிக்க வேண்டும்.

கிராங்க் எங்கே இருந்தாலும் சரி, பெட்டியின் மூக்கு ஒரு குறிப்பிட்ட சுவரைப் பார்க்கும்போது மட்டும் விக்கினால் திருப்பு மோட்டாரைத் தொடாதீர்கள். ரசமட்டம் வைத்து அடித்தளத்தைப் பாருங்கள். தளம் சரிந்திருந்தால் பெட்டி பள்ளத்துப் பக்கம் ஓடும், மேட்டுப் பக்கம் தயங்கும். மட்டம் சரி என்றால் சுழல் தாங்கியில் தேய்மானமோ, எங்கோ உரசும் ஒயரோ இருக்கும்.

வலப்பக்கம் வேகம், இடப்பக்கம் மெதுவு என்றாலும் மோட்டார் காரணமல்ல; இரண்டு பக்கமும் சுற்றுவது அதே பத்துத் துருத்திகள்தான். சுக்கான் மிதிகட்டை நடுவில் இருக்கும்போது சுக்கான் வால்வும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, இணைப்புக் கம்பியின் நீளத்தைத் திருத்துங்கள். மோட்டார் சீராக ஓடுகிறது, பெட்டி கிளம்பும்போது மட்டும் தாமதிக்கிறது என்றால் பெல்ட் வழுக்குகிறது.

அறிகுறி: உயரம் தானாக இறங்குகிறது

உயரமானி ஒரு மூடிய தொட்டியின் உறிஞ்சலைப் படிக்கிறது. உறிஞ்சல் கூடினால் உயரம் கூடும், காற்று நுழைந்தால் இறங்கும். ஆகவே தொட்டியிலோ அதன் குழாயிலோ கசிந்தால், மாணவர் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் உயரம் ஊர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் இதற்கு மாணவர்தான் திட்டு வாங்கியிருப்பார்.

சில ஆயிரம் அடிக்கு ஏற்றி, தொட்டிக்கும் ஏற்ற இறக்க வால்வுக்கும் நடுவில் உள்ள குழாயைக் கவ்வியால் இறுக்கி, ஐந்து நிமிடம் பாருங்கள். முள் நின்றால் தொட்டி நல்லது, வால்வு நடுநிலையில் கசிகிறது. முள் இறங்கினால் தொட்டிப் பக்கம். உயரம் தானாக ஏறுகிறது என்றால் கசிவு என்று சொல்லவே முடியாது, வால்வு உறிஞ்சல் பக்கமாகத் திறந்தே நிற்கிறது.

அறிகுறி: முள்கள் அசையவில்லை

ஒரே ஒரு முள் ஒட்டி நின்று, கண்ணாடியைத் தட்டினால் நகர்கிறது என்றால் அந்தக் கருவியின் உராய்வு. நிஜ விமானத்தில் எஞ்சின் அதிர்வே முள்ளைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கும், இந்தப் பெட்டியில் எஞ்சின் கிடையாது.

மின்சாரத்தால் முள் அசையும் டெலிகான் வகைக் கருவிகள் எல்லாம் ஒரே நொடியில் செத்தால், ஒவ்வொன்றாகக் கழற்றுவது வீண் வேலை. அவை அனைத்துக்கும் 85 வோல்ட், 800 சுழற்சி மின்சாரம் தரும் ஆஸிலேட்டர் ஒன்றுதான். அதன் வால்வுக்குழலையும் சுற்றியுள்ள பழைய மின்தேக்கிகளையும் பாருங்கள். மாணவர் பக்கம் சரியாகவும் பயிற்றுநர் மேசையில் மட்டும் தவறாகவும் இருந்தால் நடுவில் உள்ளது ஸ்லிப் ரிங், சுழலும் பெட்டிக்கும் அசையாத அடித்தளத்துக்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்தும் வளையம். பெட்டி சுற்றும்போது ஹெட்போனில் கரகரப்பு வருவதும் அங்கேதான். வளையத்தை ஸ்பிரிட் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறலில் கரி அடைந்து இன்னும் மோசமாகும்.

அறிகுறி: நண்டு தப்பாகப் போகிறது

பயிற்றுநரின் வரைபட மேசையில் ஊர்ந்து, மாணவர் பறந்த பாதையை மையால் போடும் மூன்று சக்கர வண்டிக்கு நண்டு என்று பேர். இரண்டு சக்கரங்களைச் சிறு மோட்டார்கள் ஓட்டும், மூன்றாவது மைச்சக்கரம். பெட்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் செய்தி செல்சின் மோட்டார் (ஒரு அச்சு திரும்பினால் ஒயர் வழியே இன்னொரு அச்சை அதே அளவு திருப்பும் ஜோடி) வழியே வந்து சக்கரங்களைத் திருப்பும்.

திசைத் தவறுகளை அளந்தே காரணம் சொல்லிவிடலாம். செல்சினில் நிலைச்சுருளுக்கு மூன்று ஒயர், சுழல்சுருளுக்கு இரண்டு. பெட்டி வலப்பக்கம் திரும்ப நண்டு இடப்பக்கம் திரும்பினால் நிலைச்சுருளின் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன. சரியான பக்கம் திரும்பி, எப்போதும் 180 பாகை தள்ளியே நின்றால் சுழல்சுருள் ஒயர்கள் மாறியிருக்கின்றன. 120 பாகை தள்ளி நின்றால் மூன்று ஒயர்களும் ஒரு இடம் தள்ளிச் செருகப்பட்டிருக்கின்றன. ஐந்து, பத்துப் பாகை என்று சில்லறையாகத் தவறினால் ஒயரில் தேடாதீர்கள். அது அச்சில் இறுக்கும் திருகு நழுவியது.

பாதை சரி, தூரம் குறைவு: 6 அங்குலம் வர வேண்டிய கோடு அச்சுப் பிசகாமல் 5 அங்குலம் வருகிறதா? அதே ஆறில் ஐந்து. வேகம் மாறாத நண்டின் மோட்டார் மின்சாரச் சுழற்சியோடு பூட்டப்பட்டது, கடிகார மோட்டார் மாதிரி. 50 சுழற்சியில் ஓடும் 60 சுழற்சி நண்டு எண்ணெய்க்கும் அசையாது, திருகுக்கும் அசையாது. தூரம் ஒழுங்கில்லாமல் ஒருமுறை 5, ஒருமுறை 5½ என்று வந்தால்தான் சக்கரம் வழுக்கல். மேசையில் மை பிசுபிசுப்பு, சக்கர ரப்பர் கண்ணாடி போல இறுகிப்போனது, அல்லது நண்டின் ஒயர் எங்கோ இழுத்துப் பிடிப்பது. இந்த மூன்றாவதைப் பலர் பார்ப்பதில்லை. ஒயரைக் கையால் தூக்கிப் பிடித்து ஒருமுறை ஓட்டினால் தெரிந்துவிடும்.

நேர்திசையில் பறக்கும்போது கோடு மெல்ல வளைந்தால், ஓட்டும் சக்கரம் ஒன்று மற்றதைவிடத் தேய்ந்திருக்கும். இரண்டின் விட்டத்தையும் காலிப்பரில் அளந்து ஒன்றுபோல ஆக்குங்கள்.

துருத்தியைப் புதுப்பிப்பது

கழற்றும் முன் ஒவ்வொரு பலகையிலும் பென்சிலால் எண்ணும் மேல்பக்கக் குறியும் போடுங்கள். பழைய பசை வஜ்ஜிரம், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் தச்சுப் பசை. வெதுவெதுப்பான ஈரத்துணி வைத்தால் இளகும். துணியை வெட்டி எறியாமல் முழுதாக உரித்தெடுங்கள், புதியதற்கு அதுதான் அளவு. பலகையில் ஒட்டியுள்ள பசைத் துணுக்குகளை உளியால் சுரண்டி, மரம் தெரிய வேண்டும்.

வஜ்ஜிரக் குருணை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீர் ஊற்றிச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். நேரடி அடுப்பில் வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் வரை சூடாக்கினால் போதும். கொதித்துவிட்டால் ஒட்டும் வலு போய்விடும். தூரிகையிலிருந்து அறுபடாமல் தேன் மாதிரி ஒழுகினால் பதம். வெள்ளைப் பசை ஒட்டும்தான், ஆனால் அடுத்தமுறை பிரிக்கும்போது மரத்தையே பிய்த்துக்கொண்டு வரும்.

ரப்பர் பூசிய பருத்தித் துணியைச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, கீல் பக்கத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு பக்கமாக ஒட்டிக்கொண்டு வாருங்கள். வஜ்ஜிரம் ஒரு நிமிடத்துக்குள் உறையும், அதனால் ஒரே வீச்சில் முழுச் சுற்றுக்கும் தடவக் கூடாது. ஒரு இரவு காயவிட்டு விளிம்பைச் சீவுங்கள். பிறகு துருத்தியை முழுக்க அமுக்கி, துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கையை எடுங்கள். சப்பையாகவே நிற்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் விரிந்தால், பெட்டிக்குள் மாட்டுவதற்கு முன்பே மூலைகளைப் பாருங்கள், கசிவு பெரும்பாலும் மடிப்பு மூலையில்தான் இருக்கும். பிரிட்டனில் மொத்தக் குழுவுக்கும் பயிற்சி தந்த சிலோத் ட்ரெய்னரும் காற்றால் ஓடியதுதான். அங்கேயும் இதே கட்டைவிரல் சோதனை செல்லும்.

வேலை முடிந்ததும் சதுரம் போட்டுப் பாருங்கள்

பறக்கும்போது வீசும் காற்றுக்கான அமைப்பைப் பூஜ்யத்தில் வைத்து, வடக்கே இரண்டு நிமிடம், பிறகு கிழக்கு, தெற்கு, மேற்கு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். திருப்பம் நொடிக்கு 3 பாகை, அதாவது ஒவ்வொரு மூலைக்கும் 30 நொடி. நான்காவது மூலையும் திரும்பி முடித்ததும் மைக்கோடு கிளம்பிய புள்ளிக்கே வர வேண்டும். நான்கு பக்கமும் சமமாக இருந்தும் கோடு மூடவில்லை என்றால் திசைச் செய்தியில் பிசகு, செல்சினுக்குத் திரும்புங்கள். பக்கங்கள் சமமில்லை என்றால் சக்கரம் வழுக்குகிறது. பக்கங்கள் சரி, மூலைகள் மட்டும் ஒன்று அகலம் ஒன்று குறுகல் என்றால் திருப்பு மோட்டார் இன்னும் விக்குகிறது. சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்தால் நல்லது.